என் தட்டை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்?

கருப்பு உளுந்துக் களியை இனி யாரும் என்னிடம் நீட்ட வேண்டாம். உளுந்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நான் வயதுக்கு வந்தபோது நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு அம்மா கிண்டிக் கொடுத்த களியை விரலை நக்கி நக்கித் தின்றவள் நான். கல்யாணமாகிச் சில வருடம் கழிந்தபின் இந்த வீட்டில் எனக்கு வைத்த களி வேறு. தட்டை வைத்துவிட்டு அத்தை அங்கேயே நிற்பார். கடைசி உருண்டை தொண்டைக்குள் இறங்கும் வரை நகர மாட்டார். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான் அம்மிணி" என்பார். தண்டனையைக்கூட இப்படி நின்று பார்த்து நிறைவேற்றுவார்களா என்று தெரியவில்லை.

எங்கள் இருவருக்கும் குழந்தை இல்லை. ஆனால் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி என்னை நோக்கி மட்டும்தான் வருகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில், பேருந்து நிறுத்தத்தில், பள்ளி ஆசிரியர் அறையில், துக்க வீட்டுத் திண்ணையில்கூட. என் கணவர் என் பக்கத்திலேயே நிற்பார். கேட்பவர்களின் கண் அவரைத் தாண்டி வந்து என் வயிற்றில் நிற்கும்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. இனப்பெருக்கப் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறேன். ஒரு விந்தணுவும் ஒரு கருமுட்டையும் சேர்ந்தால்தான் கரு என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். சாயங்காலம் வீடு திரும்பினால் அந்தப் படத்தில் பாதியை அழித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

என்னென்ன விழுங்கினேன் என்று நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. தூரமான முதல் மூன்று நாள் வெறும் வயிற்றில் மலைவேம்புச் சாறு. நீர்க்கட்டி கரைய வேண்டுமென்று கழற்சிக்காய்ப் பருப்பைப் பொடித்து, மிளகு சேர்த்து, மோரில். பூங்கார் அரிசிக் கஞ்சி, தேனில் ஊறிய அத்திப்பழம், செவ்வாழை, அரசங்கொழுந்து. பிறகு மண்சோறு. கோயில் பிராகாரத்துத் தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு வாயால் எடுத்துத் தின்ன வைத்தார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். சாமியின் மேல் எனக்குப் பக்தி உண்டு. அந்தச் சாமி என்னை அப்படிக் குனிய வைக்கச் சொல்லியிருக்கும் என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

சொல்கிறவர்களுக்குள்ளாவது ஒரு பேச்சு உண்டா? மாதத்தின் முதல் பாதியில் ஆளி விதையும் பூசணி விதையும், பின்பாதியில் எள்ளும் சூரியகாந்தி விதையும் தின்றால் ஹார்மோன் சீராகிவிடும் என்று ஒரு வீடியோ. நாத்தனார் அதை எனக்கு அனுப்பிவைக்கிறார். சரியென்று பின்பாதியில் எள்ளுருண்டையைக் கையில் எடுத்தால் அத்தை பிடுங்கி வைக்கிறார். "எள்ளு சூடு. தங்கறதும் தங்காமப் போயிரும்." இரண்டில் எது சரி, எதற்கு ஆதாரம் என்று கேட்டால் வாத்திச்சிக்குத் திமிர். ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்று விரதம் இருக்க வைத்தார்கள். "ஒடம்புல தெம்பு இல்ல, அதான் தங்கல" என்று கார்த்திகையில் சொன்னதும் அதே வாய்தான். எதைத் தின்றாலும் பழி, தின்னாவிட்டாலும் பழி. மாதம் தவறாமல் வந்த ஒரே விசாரணை இது: "போன வாரம் பப்பாளி கிப்பாளி தின்னியா?"

மருத்துவர் எனக்குச் சொன்னவை ரொம்பச் சாதாரணமானவை. சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் எனக்கு இருக்கிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அபூர்வ வியாதி ஒன்றும் இல்லை. "உடல் எடையில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பங்கு குறைந்தாலே பல பேருக்குக் கருமுட்டை வெளியாவது சீராகும். அதிசய உணவு எதுவும் கிடையாது. சோற்றைக் குறைத்து, பருப்பு, பயறு, முட்டை, காய்கறியைக் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடங்கள். இரவில் ஏழு மணி நேரம் தூங்குங்கள்." மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதியே கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? கசப்புச் சாறு இல்லை, பட்டினி இல்லை, மண் இல்லை. மனுஷியாக வாழச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

அந்தச் சீட்டில் இருந்த ஒன்றைக்கூட இந்த வீடு எனக்குச் செய்ய விடவில்லை.

முட்டை வேகவைத்தால் மாமாவுக்கு ஒன்று, என் கணவருக்கு இரண்டு. எனக்கும் ஒன்று போட்டால் அத்தை பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார். சாயங்காலம் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை அவித்தால் "தனியாச் சமைக்கறயா?" என்று கேட்பார். எழுந்திருப்பது நாலரை மணிக்கு. ஐந்து பேருக்குச் சமைத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என் கணவர் சாய ஆலையில் வேலை முடிந்து வரும்போது இரவு பதினொன்று. அவருக்குப் பரிமாறிவிட்டு அப்புறம்தான் நான் உட்கார வேண்டும். அந்த நேரத்துக்கு ரசத்தின் அடிமண்டியும் சோறும்தான் மிச்சம் இருக்கும். காய் இருக்காது. சோற்றைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். எனக்கு மிஞ்சியதே சோறு மட்டும்தான், அம்மா!

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் படித்தேன். வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடத்துக்குள் என் தூக்கமும் என் நடையும் என் சாப்பாட்டு நேரமும் புதைந்து கிடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்த நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்களின் ரத்தம் வேறெப்படி இருக்கும்? வாழ்க்கை முறையை மாற்று, வாழ்க்கை முறையை மாற்று என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்களே, என் வாழ்க்கை முறை எப்போது என் கையில் இருந்தது?

நடக்கப் போனேன். விடிகாலையில் வாய்க்கால் மேட்டுப் பாதையில் கொஞ்ச நாள் நடந்தேன். "பொழுது விடியறதுக்குள்ள எங்க போயிட்டு வர்றா உங்க மருமக?" என்று எவரோ அத்தையிடம் கேட்டுவிட்டார்கள். அதோடு நின்றது. மொட்டை மாடியில் சுற்றினேன். கீழ்வீட்டில் தூக்கம் கெடுகிறதாம். என் அம்மா வீட்டுக்குப் போனால் மட்டும் நடக்கிறேன், தூங்குகிறேன், வேளைக்குத் தின்கிறேன். அங்கே பத்து நாள் இருந்துவிட்டு வந்தால் முகம் தெளிந்திருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் தெளிந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கூடவே ஒரு அறிவுரை வேறு: "மனச சந்தோஷமா வெச்சுக்கணும், டென்ஷன் ஆகப்படாது." சொன்ன வாய் மூடுவதற்குள் பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு நான் வர வேண்டாம், சடங்குக்கு ஆகாது என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பொடி விற்கிறவர்களின் கதையையும் சொல்லியாக வேண்டும். 'கருப்பை பலம் பெற', 'தொண்ணூறு நாளில் தாய்மை' என்று போனைத் திறந்தாலே வந்து நிற்கிறார்கள். நாம் ஒருமுறை தேடிவிட்டால் போதும், நம் வலி அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆயிரத்துக்கு மேல் விலை போட்ட ஒரு டப்பாவை நானும் மாதக்கணக்கில் குடித்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று லேபிளில் ஒழுங்காக எழுதக்கூட இல்லை. பெண்ணின் மலட்டுத்தன்மையைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது தெரியுமா? மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம். அதன் அட்டவணையில் நீரிழிவு, புற்றுநோய், காசநோய் இருக்கும் அதே பட்டியலில் இதுவும் இருக்கிறது. என் அம்மா பிறப்பதற்கு முன்னாலேயே தடை செய்தாகிவிட்டது. 'மருந்து' என்று சொல்லாமல் 'ஊட்டச்சத்து' என்று அச்சடித்துவிட்டால் கேட்பாரில்லை என்று நினைக்கிறார்கள். நினைத்தபடியே நடக்கிறது.

இதில் போவது பணம் மட்டும் என்றால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். எங்கள் பள்ளியில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் இருந்தார். ஐந்தாறு வருடம் மலைவேம்பும் கஷாயமும் பத்தியமுமாக ஓட்டினார். மாதவிலக்கு ஒழுங்காக வந்ததால் 'உனக்கு ஒண்ணும் இல்ல, சீக்கிரம் நிக்கும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறு வயதில் கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு குழாயும் அடைப்பு. எப்போதோ வந்து தெரியாமலே இருந்துவிட்ட காசநோய். நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். அடைத்த குழாயை எந்தக் கீரையும் திறக்காது. எந்தக் கஞ்சியும் கருமுட்டையின் எண்ணிக்கையைக் கூட்டாது. வயது முப்பத்தைந்தைத் தாண்டினால் முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்கும். அதனால்தான் முப்பத்தைந்துக்குக் கீழ் இருந்தால் ஒரு வருடம், மேலே இருந்தால் ஆறு மாதம், அதற்குமேல் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள் என்கிறார்கள். அந்த அக்காவின் வயதைத் தின்றது பத்தியம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இத மொதல்லயே எடுத்திருக்கலாமே" என்று அவர் கேட்ட குரல் இன்னும் என்னை விடவில்லை.

உணவால் எதுவும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அமெரிக்காவில் 17,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களைச் சுமார் எட்டு வருடம் தொடர்ந்து கவனித்து 2007-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பயறு பருப்புப் புரதம், தீட்டாத தானியம், தாவர உணவிலிருந்து இரும்புச்சத்து, வைட்டமின் மாத்திரை என்று இருந்தவர்களுக்கும், வனஸ்பதி போன்ற டிரான்ஸ் கொழுப்பைத் தவிர்த்தவர்களுக்கும், கருமுட்டை வெளியாவதில் வரும் கோளாறு குறைவாக இருந்தது. நம் கம்பும் ராகியும் தட்டைப்பயறும் முருங்கைக்கீரையும் அதைத்தானே தருகின்றன? ஆனால் அது முட்டை வெளியாவதைப் பற்றிய ஆய்வு. குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. கணவனைப் பற்றியும் சொல்லவில்லை. நெதர்லாந்தில் உடல்பருமன் உள்ள 577 பெண்களிடம் செய்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதம் உணவையும் நடையையும் மாற்றியவர்களில் சிகிச்சை இல்லாமலே தானாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். ஆனால் இரண்டு வருட முடிவில் ஆரோக்கியமான சுகப்பிரசவம் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகிவிடவில்லை. உணவு கைகொடுக்கும், வாக்குறுதி தராது. இந்த உண்மையை ஒரு பெண்ணிடம் நேராகச் சொல்வதற்கு என்ன தயக்கம்?

இத்தனை பொடி வாங்கித் தந்தவர்களில் ஒருவர்கூட ஃபோலிக் அமில மாத்திரை வாங்கித் தரவில்லை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்க வேண்டும். சிசுவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழல், கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் முழுகாமல் இருப்பதே தெரியாத நாட்கள் அவை. ஒருமுறை அப்படிக் குறையுள்ள குழந்தை பெற்ற பெண்களுக்கு, அடுத்த குழந்தைக்கும் அது வரும் ஆபத்தை ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் குறைத்தது என்று 1991-ல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிரூபித்துவிட்டது. இவ்வளவு உறுதியான சான்றுள்ள மாத்திரை மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்கு விளம்பரம் செய்ய யாரும் இல்லை. அத்தையின் பட்டியலிலும் அது இல்லை.

இனி எங்கள் பீரோவுக்குள் இருக்கும் ஒரு காகிதத்துக்கு வருகிறேன்.

மருத்துவர் முதல் நாளே இரண்டு பேருக்கும் பரிசோதனை எழுதினார். எனக்கு ரத்தம், தைராய்டு, ஸ்கேன். அவருக்கு விந்தணுப் பரிசோதனை மட்டும். நான் எல்லாம் கொடுத்துவிட்டேன். அவர் "எனக்கென்ன கேடு?" என்றார். "ஆம்பளப் பையனைப் போயி அந்த டெஸ்டுக்கெல்லாம் அனுப்புவாங்களா?" என்றார் அத்தை. அந்த ஒரு பரிசோதனை வருடக்கணக்கில் தள்ளிப்போனது. அந்த வருடங்களில்தான் மலைவேம்பு, மண்சோறு, டப்பா எல்லாம். கடைசியில் மருத்துவர், அந்த அறிக்கை இல்லாமல் இனி உங்களுக்கு முட்டை வளரும் மாத்திரை எழுத மாட்டேன் என்று சொன்ன பிறகு போனார். எண்ணிக்கையும் குறைவு, நகரும் வேகமும் குறைவு.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணமும் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. அது மருத்துவப் புத்தகங்களில் எப்போதோ ஏறிவிட்ட செய்தி. அவருக்குச் சாய ஆலையில் கொதிகலன் பக்கத்தில் வேலை, வாயில் புகையிலை, மாறி மாறி நைட் ஷிப்ட். வெப்பமும் புகையிலையும் விந்தணுவைக் கெடுக்கும். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும் என்பதால், இன்று மாறினால் மூன்று மாதம் கழித்துப் பலன் பார்க்கலாம் என்று மருத்துவர் அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். முட்டை வெளியாகும் நாளோடு முடியும் ஆறு நாட்களில் சேர்ந்தால்தான் கரு உண்டாகும் என்று 1995-லேயே அமெரிக்காவில் கண்டு எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த நாள் எப்போது வரும் என்பதே நிச்சயமில்லை. வந்த மாதங்களில் அவர் ஆலையில் இருந்திருப்பார்.

அந்த அறிக்கை வந்த அன்று இரவு வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. அவருக்கு யாரும் களி கிண்டவில்லை. வெந்தயம் ஊறவைக்கவில்லை. புகையிலையைத் துப்பு என்று சொல்லவில்லை. ஷிப்டை மாற்றிக் கேள் என்று சொல்லவில்லை. "அம்மாகிட்ட சொல்லிராத, தாங்க மாட்டாங்க" என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, பீரோவில் என் கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தார். மறுநாள் காலை எனக்குக் களி வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் கெட்டவர் இல்லை. என்னை அடித்தவரில்லை, வேறு கல்யாணம் என்று பேச்செடுத்தவர்களை வாயை மூடச் சொன்னவர். அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. நல்லவராக இருந்துகொண்டே, தன் பங்குப் பழியை நான் சுமப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு இருக்க முடிகிறதே அவரால்! அவருடைய வெட்கத்தைக் காப்பாற்ற என் வெட்கத்தை ஊர் நடுவில் போட்டு மிதிக்கலாமா? இதை எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பதில் பேசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உலகில் வயது வந்தவர்களில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தத் துன்பத்தைச் சந்திக்கிறார் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உங்கள் தெருவிலும் இருப்பாள் ஒருத்தி. அவளிடம் விசேஷம் உண்டா என்று கேட்காதீர்கள். புதிதாக ஒரு பொடியின் பெயரைச் சொல்லாதீர்கள். அவளுக்கு நல்லது செய்ய உங்களுக்கு மனசிருந்தால் காலையில் அவள் தட்டில் ஒரு முட்டை வையுங்கள், இரவில் முதல் பந்தியில் அவளையும் உட்கார வையுங்கள். அவள் நடக்கப் போனால் எங்கே போகிறாள் என்று கேட்காமல் இருங்கள். அரிசி, எண்ணெய், தூக்கம், நடை எதை மாற்றினாலும் வீடு மொத்தமும் மாறட்டும், அவனும் சேர்ந்து மாறட்டும்.

மாமியார்களே, நீங்களும் ஒரு காலத்தில் இதே கேள்விகளுக்கு நடுவே நின்றவர்கள்தான். மருமகளுக்கு அடுத்த கஷாயத்தை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் உங்கள் மகனைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. சில நூறு ரூபாய்தான் ஆகும். அறிக்கை பெரும்பாலும் அன்றைக்கே கைக்கு வந்துவிடும்.